மே கடைசில நாகப்பட்டினத்துல கல்யாணம், கடலோர வெயில் எப்படி இருக்கும்? சேலத்துக்காரனுக்கு கொஞ்சம் சொல்லுங்க

கொண்டலாம்பட்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்கக்கா பொண்ணுக்கு மே கடைசி வாரத்துல கல்யாணம், மாப்ள வீடு நாகப்பட்டினம், அங்கயே மண்டபம் பேசியிருக்காங்க. மொத நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலைல முகூர்த்தம். மண்டபத்த ஒட்டி காலி எடம் ஒண்ணு கெடக்கு, ரிசப்ஷனுக்கு அதுல ஓப்பனா பந்தல் போட்டுக்கலாம், கடல் காத்து சும்மா அள்ளிட்டு போகும்னு சம்மந்தி வீட்ல சொல்றாங்க. மண்டபத்துல ஏசி கெடையாது. ஏசி இருக்கற இன்னொரு மண்டபமும் பாத்தோம், வாடகை கிட்டத்தட்ட டபுள், இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் குடுத்தாகணும்னு நிக்கறாங்க.

இப்ப விஷயம் என்னன்னா டிவில மார்ச் டு மே கோடை அவுட்லுக்னு ஒண்ணு சொன்னாங்க, தமிழ்நாட்டு கடலோரத்துல பகல் வெப்பம் வழக்கத்த விட அதிகமா இருக்க வாய்ப்பு, ராத்திரியும் அப்படித்தான்னு. அதிகம்னா எவ்ளோ அதிகம்னு சொல்ல மாட்டேங்கறாங்க. எங்க மாமா, அதாவது பொண்ணோட அப்பா, போன்ல போன மே மாசத்த எடுத்து பாத்துட்டு "நாகைல 36, 37 தான காட்டுது, நாம 41ல மத்தியானம் ரெண்டு மணிக்கு பைக்குல போயிட்டு வர்றவங்க, இதுக்கு போயி ஏசியா"ன்னு கேக்கறாரு. கேட்டா நியாயமாத்தான் தெரியுது. வேணும்னா நம்மூர்ல இருந்தே பெரிய ஏர்கூலர் நாலு வாடகைக்கு எடுத்து பஸ்ஸுக்கு பின்னாடி வண்டில போட்டு எடுத்துட்டு போயிரலாம்ங்கறது அவரு ஐடியா.

தாய்மாமன் நான், பட்டு வேட்டி பட்டு சட்டைல நின்னே ஆகணும். அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, பிபி மாத்திரை போடறாங்க. ஒரு பஸ் நெறைய ஒறம்பரை வர்றாங்க, காலைல ஆறு மணிக்கு கெளம்புனா ஒரு மணிக்கு போயி சேந்துரலாம்னு பிளான். கல்யாணம் முடிஞ்சு விருந்துக்கு வர்ற மாப்ள வீட்டாளுங்கள ஏற்காடு கூட்டிட்டு போலாம்னும் இருக்கோம், அப்ப மழை புடிச்சுக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓமலூர்_தறி

நாலு ரோடு சிக்னல்ல மே மாசம் நின்னவனுக்கு நாகப்பட்டினம் எல்லாம் ஊட்டி மாதிரிங்க. மாமா சொல்றது கரெக்ட். காசு மிச்சம் பண்ணி சாப்பாட்ட நல்லா போடுங்க.

மழைப்பைத்தியம்_சேலம்

ஓமலூர் அண்ணா பேச்ச கேட்டு அட்வான்ஸ விட்றாதீங்க. கொஞ்சம் பெருசா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த அவுட்லுக். பிப்ரவரி கடைசில வானிலை மையம் குடுக்கற மார்ச்-மே கணிப்பு டிகிரி கணக்கு கெடையாது, வாய்ப்பு கணக்கு. பழைய வருஷங்கள எல்லாம் வெச்சு மூணு பங்கா பிரிச்சுருவாங்க, வழக்கத்த விட கம்மி, வழக்கம் போல, வழக்கத்த விட அதிகம். எந்த துப்பும் இல்லேன்னா மூணுக்கும் சமமா ஆளுக்கு 33 சதவீதம். மேப்புல ஒரு ஏரியா செவப்பா இருந்தா "அதிகம்"ங்கற பங்குக்கு வாய்ப்பு 33ஐ தாண்டி சாஞ்சுருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். அதுவும் மூணு மாசத்தோட சராசரிக்கு. சராசரில அரை டிகிரி ஏறுனாலே அது பெரிய ஏத்தம், ஆனா உங்க ரிசப்ஷன் அன்னிக்கு அஞ்சு மணிக்கு எப்படி இருக்கும்னு அதுல தேடுனா கெடைக்காது, அதுக்காக போட்டதும் இல்ல அது.

எல்நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்த விட சூடாகறது, முடியற வருஷத்துல கோடை கொஞ்சம் மூர்க்கமா இருக்கும், 2016, 2024 ரெண்டும் அப்படி. 2024ல மார்ச் ஏப்ரல் ரெண்டு மாசமும் மழையே இல்லாம காஞ்சு ஏப்ரல் கடைசில நம்ம சேலமே 42 தாண்டுச்சு, ஞாபகம் இருக்கும். அப்பறம் மே பாதிக்கு மேல மழை வந்து அப்படியே தலைகீழா மாறிருச்சு. அந்த வருஷத்தோட மூணு மாச சராசரிய மட்டும் பாத்தா இந்த திருப்பம் எதுவுமே கண்ணுக்கு தெரியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், உங்க மாமா கிட்ட இத சொல்லுங்க. சேலத்து வெயிலும் நாகை வெயிலும் ஒரே மாசத்துல உச்சத்துக்கு வராது. நமக்கு உச்சம் ஏப்ரல், மே மொத பாதி. அதுக்கப்பறம் சாயங்காலம் இடி மழை ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா எறங்கிரும், அதனாலதான் நாம சித்திரைய தாண்டிட்டா தப்பிச்சோம்னு நெனைக்கறோம். கடலோரத்துல அப்படி இல்லைங்க, ஏப்ரல்ல அங்க கடல் காத்து ஒழுங்கா வந்துட்டு இருக்கும், மே கடைசி, ஜூன் மொத ரெண்டு வாரம்தான் அங்க கொடுமையே. அக்னி நட்சத்திரம் மே 28 வாக்குல முடிஞ்சுருச்சுன்னு காலண்டர்ல போட்டுருப்பான், சென்னை நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சது 2003 மே 31ல. அதுதான் அந்த ஸ்டேஷன் ரெக்கார்டு. உங்க கல்யாணம் சரியா அந்த நேரத்துல வந்து நிக்குது.

ஏன்னா தரை சூடாகி, கடல் அந்தளவு சூடாகாம இருக்கறப்பதான் பகல்ல கடல்ல இருந்து காத்து உள்ள வரும். ஏப்ரல்ல பதினோரு மணி பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துரும், வந்த ஒடனே வெப்பம் ஏறறது நின்னுரும். மே கடைசில தென்மேற்கு பருவமழை கெளம்பற நேரம், மேக்க இருந்து அடிக்கற காத்து பலமாகிரும். அது மலைய தாண்டி எறங்கி தமிழ்நாட்டு தரை பூரா சூடாகி காஞ்ச காத்தா கெழக்க போயி கடல் காத்த கரைலயே தடுத்து நிறுத்திரும். கடல் காத்து ரெண்டு மணிக்கோ மூணு மணிக்கோ தான் உள்ள வரும், சில நாள் வரவே வராது. வராத நாள்ல 40 ஈசியா தாண்டும். அதனால கடலோரத்துல "இன்னிக்கு எத்தன டிகிரி"ன்னு கேக்கறத விட "இன்னிக்கு காத்து எத்தன மணிக்கு திரும்புச்சு"ன்னு கேக்கறதுதான் சரியான கேள்வி.

சரி, காத்து வந்துருச்சுன்னா ஜாலியான்னா அதுவும் இல்ல. வந்தது ஈரக்காத்து. நம்மூர்ல 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா ஒடம்புக்கு தெரியற சூடும் கிட்டத்தட்ட அதே 39, 40 தான், ஏன்னா வேர்வை வந்த ஒடனே காஞ்சு ஒடம்ப ஆத்திரும். நாகைல 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா ஒடம்புக்கு 45 மாதிரி தெரியும். உங்க மாமா போன்ல பாத்த 36 அதுதான், நம்பர் சின்னதா இருக்கும் ஆனா வேர்வை காயாது, சட்டை முதுகோட ஒட்டிக்கும். ராத்திரியும் 28க்கு கீழ எறங்காத நாள் நெறைய, தூங்கி எழுந்துக்கறப்பவே அசதி.

ஏர்கூலர் ஐடியாவ தயவு செஞ்சு மறந்துருங்க. கூலர் தண்ணிய ஆவியாக்கித்தான் காத்த குளுர வைக்குது, நம்மூர் காஞ்ச காத்துல அருமையா வேலை செய்யும். கடலோரத்துல காத்துல ஏற்கனவே தண்ணி ரொம்பியிருக்கு, ஆவியாக எடம் கம்மி, கூலர் போட்டா இன்னும் புழுங்கும். தண்ணி பீச்சற ஃபேனும் அப்படித்தான். அங்க வேலைக்கு ஆகறது ரெண்டே ரெண்டு, ஏசி இல்லாட்டி வெறும் பெரிய பெடஸ்டல் ஃபேன்.

ஹீட்வேவ் எச்சரிக்கை வந்தா பாத்துக்கலாம்னும் இருக்காதீங்க. அத அறிவிக்கணும்னா சமவெளிக்கு 40 தொடணும், கடலோரத்துக்கு 37, மலைக்கு 30, அதோட அன்னிக்கு வழக்கமான அளவ விட 4.5 டிகிரியாவது கூட இருக்கணும். மே கடைசில நாகையோட வழக்கமே 36, 37 பக்கம் இருக்கறதால அந்த 4.5 சேர்றது கஷ்டம், எச்சரிக்கை வராமலே ஆள் கவுந்துரும். தினசரி அறிக்கைல "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்"னு ஒரு வரி வரும் பாருங்க, எல்லாரும் அத தாண்டி போயிருவாங்க, கடலோரத்துக்கு அந்த வரிதான் முக்கியம்.

இன்னொண்ணு, புயல். மே மாசத்துல வங்கக்கடல்ல புயல் வர்றது உண்டு. நம்ம கரைய ஒட்டி வந்தா மழை, 2010ல லைலா அப்படி, ஆந்திராவுல கரை ஏறுனாலும் போற வழில சென்னைக்கு மழைய குடுத்துட்டு போச்சு. ஆனா வடக்க ஒடிசா, வங்காளம் பக்கம் போற புயல் நமக்கு மழைய தராது, மேக்க இருந்து காஞ்ச காத்த இழுத்து விட்டுட்டு போயிரும். 2019ல ஃபானி வருது வருதுன்னு தமிழ்நாடே அண்ணாந்து பாத்துட்டு இருந்துச்சு, அது போயி பூரில கரை ஏறுச்சு, நமக்கு மிஞ்சுனது அனல். அதனால "கடல்ல புயல் சின்னம், அப்ப குளுந்துரும்"னு யாராவது சொன்னா எந்த பக்கம் போகுதுன்னு மொதல்ல கேளுங்க.

எப்ப என்ன பாக்கணும்னா, மே மொத வாரத்துல இருந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை வானிலை மையத்துல நாலு வாரத்துக்கான கணிப்பு வரும், அதுல ஒரு போக்கு தெரியும். கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி விண்டி ஆப்புல 850னு இருக்கற லெவல்ல காத்த பாருங்க, அது சுமார் அஞ்சாயிரம் அடி ஒசரம். அதுல மேக்க இருந்து பலமா அடிச்சா நாகைல கடல் காத்து லேட்டு. மெதுவா இருந்தா தப்பிச்சீங்க. ஆனா மண்டபம் அட்வான்ஸ் இப்பவே குடுக்கணும்னா இதெல்லாம் பாத்துட்டு இருக்க முடியாது, ஏசி மண்டபத்த புடிங்க.

அக்கரைப்பேட்டை_அண்ணன்

நம்ம ஊரு பேச்சு வந்ததால சொல்றேன் தம்பி. சேலத்து தம்பி எழுதினது அம்புட்டும் சரி, நாங்க டிகிரி கணக்கு பாக்குறதில்ல, காத்த பாத்துதான் பொழப்பே. கொண்டல், அதான் கடல்ல இருந்து வர்ற கெழக்கு காத்து, பதினோரு மணிக்குள்ள திரும்பிட்டா அன்னைக்கு மனுசன் மனுசனா இருக்கலாம். கச்சான், அதான் மேக்க இருந்து அடிக்கிற காத்து, புடிச்ச நாளுன்னா மத்தியானம் மூணு மணி வரைக்கும் தெருவுல நாய் கூட நடக்காது, மணல்ல செருப்பு இல்லாம கால் வைக்க முடியாது, கடல பாத்து நின்னா கூட முதுகுப் பக்கம் அடுப்பு எரியிற மாதிரி இருக்கும். வைகாசில கச்சான் புடிக்காத வாரம் கம்மி.

சம்மந்தி வீட்டுல கடல் காத்து அள்ளும்னு சொன்னது பொய்யில்ல, ஆனா அது அவங்களுக்கு. பொறந்ததுல இருந்து இந்த புழுக்கத்துல இருந்து பழகுன ஒடம்பு. உங்க ஆளுங்க காஞ்ச ஊருல இருந்து வந்து எறங்குவாங்க, மொத நாளே தாங்காது. அதுலயும் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து எறங்குறேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு பகீர்னு இருக்கு. கச்சான் நல்லா அடிக்கிற நேரத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, ஏசி இல்லாத மண்டபத்துல மாடிக்கு பெட்டிய தூக்கிட்டு போயி, வரிசைல நின்னு குளிச்சு, அஞ்சு மணிக்கு பட்டு கட்டிட்டு நிக்கணுமா? ஏசி பஸ்ஸா பேசிட்டு காலைல ஒன்பது பத்து மணிக்கு கெளம்புங்க, திருச்சியிலயோ தஞ்சாவூர்லயோ மத்தியான சாப்பாட்ட முடிங்க, அஞ்சு மணிக்கு இங்க எறங்குனா போதும். ரிசப்ஷன ஏழு மணிக்கு தள்ளச் சொல்லுங்க. எங்க ஊருல யாரும் ஏழுக்கு முன்னாடி வரவும் மாட்டாங்க, அஞ்சுன்னு பத்திரிகைல போடுறது சும்மா.

ஓப்பன் பந்தல்ல இன்னொரு தொந்தரவு. ராத்திரி ஒன்பது பத்து மணி வரைக்கும் காத்து இருக்கும், அதுக்கு மேல ஒரு நேரம் பட்டுன்னு நின்னுடும். கடல் காத்தும் இல்ல தரைக் காத்தும் இல்ல, இலை அசையாது. அப்பதான் கொசு வரும், பந்திலயும் பாதி பேரு உக்காந்துருப்பான். சமையல்காரர்கிட்ட சொல்லி வைங்க, தேங்காய் அரைச்சு ஊத்துற எதையும் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி செஞ்சு வைக்கக் கூடாது, இந்த ஈரத்துல சட்னி, கூட்டு எல்லாம் சீக்கிரம் ஊசிப்போயிடும். உங்க ஊரு சமையல் ஆள கூட்டிட்டு வந்தா அவருக்கு இது தெரியாது.

அப்புறம் கல்யாணத்துக்கு மறுநாள் மீன் சாப்பாடு போடுறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடைக்காலம், நாட்டுப்படகு ஃபைபர் படகுல வர்றது மட்டும்தான், வெல கேட்டா மயக்கம் வரும்.

வாழப்பாடி_மரவள்ளி

நீங்க எல்லாம் ஆப்பு மேப்புன்னு பேசறீங்க. மார்கழில சூரியன் பூராடத்துல நிக்கற பதினாலு நாள் கர்ப்போட்டம், அதாவது மேகத்த வெச்சு வர்ற வருஷ மழைய கணிக்கறது, பாத்து வெச்சுருக்கோம், எந்த நாள்ல மேகம் ஓடுச்சு, எந்த நாள்ல தூத்தல் விழுந்துச்சுன்னு எங்கப்பா காலண்டர்லயே குறிச்சு வெச்சுருக்காரு. அதுபடி வைகாசில நல்ல மழை உண்டு. ஜவ்வரிசி காயப்போடற களத்துக்காரங்க இத பாத்துட்டுதான் தார்ப்பாய் வாங்குவாங்க. பந்தலுக்கு மேல தகரம் போடச் சொல்லுங்க.

மழைப்பைத்தியம்_சேலம்

அப்பாவோட காலண்டர் குறிப்ப தூக்கி போட்றாதீங்கண்ணா, தேதி போட்டு எழுதி வெச்ச எந்த குறிப்பும் எனக்கு பொக்கிஷம். ஆனா அது உங்க தலைக்கு மேல போன மேகத்த பாத்து எழுதுனது. வைகாசில வாழப்பாடில மழை உண்டுன்னு கர்ப்போட்டம் பாக்காமலே நான் சொல்லிருவேன், பெரும்பாலான வருஷம் உண்டு. நாகைக்கு அது ஒட்டாது. கோடை இடி மழை உள் மாவட்டத்துல, மலையோரத்துல உண்டாகி சாயங்காலம் கெழக்க நகரும், நாகை போயி சேர்றதுக்குள்ள பெரும்பாலும் கரைஞ்சுரும், எப்பவாவது ராத்திரி ஒரு இடி, பத்து நிமிஷ காத்து மழைனு போயி விழும். அவங்களுக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான். பந்தலுக்கு தகரம் போட்டா மழை வருதோ இல்லையோ, அடில நிக்கறவங்க வெந்துருவாங்க.

அஸ்தம்பட்டி_அக்கா

அம்மாவுக்கு போடறது நீர் பிரியற பிபி மாத்திரையான்னு பாருங்க தம்பி. அப்படி இருந்தா வேர்வைலயும் போயி யூரின்லயும் போயி சட்டுன்னு தலை சுத்தி விழுந்துருவாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, கெளம்பறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு தடவ பாத்து கேட்டுக்கோங்க. பஸ்ல பாத்ரூம் போக கஷ்டம்னு வயசானவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, வழில ரெண்டு எடத்துல நிறுத்துவோம்னு முன்னாடியே சொல்லிட்டா குடிப்பாங்க.

நாகலூர்_காபிக்காடு

ஏற்காடு பத்தி ஒருத்தரும் பதில் சொல்லல, அதான் வந்தேன்.

அவுட்லுக்க பத்தி எங்க கிட்ட கேட்டா கோவம்தான் வரும். மூணு மாசத்துக்கு மழை வழக்கம் போலன்னு சொல்லுவாங்க, ஆனா காபிக்கு மூணு மாச கணக்கு எதுக்கு? எங்களுக்கு வேணும்ங்கறது மார்ச்ல ஒரே ஒரு நல்ல மழை, ஒரு இன்ச்சுக்கு கொறையாம. இங்க இன்னும் இன்ச்சு சென்ட்டுதான் கணக்கு, நூறு சென்ட் ஒரு இன்ச்சு. காலைல எட்டரைக்கு மழைமானி மூடிய தெறந்து உள்ள இருக்கறத அளவு கிளாசுல ஊத்தி கண்ணுக்கு நேரா புடிச்சு பாக்கறப்ப இருக்கற படபடப்பு பரிச்சை ரிசல்ட்டு பாக்கறவனுக்கு கூட இருக்காது. நூறு சென்ட்டு தாண்டியிருந்தா அன்னிக்கு மலை பூரா போன் பேச்சுதான், உனக்கு எவ்ளோ எனக்கு எவ்ளோன்னு, மஞ்சக்குட்டைல கொட்டியிருக்கும் நாகலூர்ல சொட்டு இருக்காது.

குளுர் காலம் பூரா மொட்டு எலைக்கணுவுல பச்சையா அரிசி மாதிரி தூங்கிட்டு இருக்கும். மழை விழுந்ததும் ஊதி நீண்டு வெள்ளையாகி எட்டு பத்து நாள்ல ஒரே நேரத்துல காடு மொத்தமும் பூக்கும், மல்லிப்பூ வாசம். இருபது முப்பது சென்ட்டு தூத்தல் மட்டும் போட்டுட்டு வெயில் காஞ்சுதுன்னா மொட்டு பாதி முழிச்சு கருகிரும். சரியா பூத்த அன்னிக்கே மழை அடிச்சாலும் போச்சு. பூத்து முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல இன்னொரு மழை வேணும் பிஞ்சு நிக்கறதுக்கு. கெணறு குளம் வெச்சுருக்கறவன் ஸ்பிரிங்க்ளர் போட்டுக்குவான், என்ன மாதிரி சின்ன தோட்டக்காரன் வானத்த பாத்துட்டு நிக்கணும். "மார்ச்-மே வழக்கமான மழை"ங்கற வார்த்தைக்குள்ள மார்ச் முழுக்க காஞ்சு மே மாசம் மொத்தமா கொட்டறதும் அடங்கும், கணக்கு சரியா வரும், காபி வராது.

இத ஏன் இங்க சொல்றேன்னா எங்க மழையும் நாகை காத்தும் ஒரே கயித்தோட ரெண்டு முனை. கெழக்க கடல்ல இருந்து ஈரக்காத்து உள்ள வந்து மேக்காத்தோட இங்க எங்கயாவது முட்டுனாத்தான் எங்களுக்கு இடி மழை. மழைப்பைத்தியம் தம்பி சொன்ன அஞ்சாயிரம் அடி காத்து இருக்கே, ஏற்காடே அந்த ஒசரம்தான். மே கடைசில எங்க சில்வர் ஓக் மரம் எல்லாம் ராப்பகலா மேக்க இருந்து ஆட ஆரம்பிச்சுருச்சுன்னா கடலோரத்துக்கு ஈரக்காத்து உள்ள நுழைய முடியலைன்னு அர்த்தம். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்க ஒரு பதிவு போடுங்க, மரம் எப்படி ஆடுதுன்னு சொல்றேன், ஆப்பு பாக்கற வேலை மிச்சம்.

இப்ப உங்க கேள்விக்கு. மே கடைசி, ஜூன் மொத வாரம் ஏற்காட்ல காலைல நல்லாருக்கும், பகல்ல 28, 29ஐ ஒட்டித்தான் போகும், நாகைல இருந்து வர்றவங்களுக்கு சொர்க்கம். மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல இடி மழைக்கு வாய்ப்பு ஜாஸ்தி, சில நாள் ஆலங்கட்டியும் விழும். அதனால காலைல ஏழு மணிக்கே அடிவாரம் தாண்டிருங்க, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு சாப்ட்டு எறங்கிருங்க. கோயில் பக்கம் மொட்ட வெளி, இடி சத்தம் கேட்டா அங்க நிக்காதீங்க, தாமினின்னு ஒரு ஆப்பு இருக்கு மின்னல் எங்க விழுதுன்னு காட்டும், அத போட்டு வெச்சுக்கோங்க. மே கடைசில பெரும்பாலும் கோடை விழா, மலர் கண்காட்சி இருக்கும், அந்த சனி ஞாயிறு மட்டும் வந்துராதீங்க, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி நின்னு கெளட்ச் வாசம்தான் வரும். குப்பனூர் வழி ஒண்ணு இருக்கு, ஆனா பெரிய பஸ்ஸுக்கு அது வேண்டாம், வேன்னா ஓகே.

ஓமலூர்_தறி

சரி நான் ஊட்டின்னு சொன்னத யாரும் சீரியஸா எடுத்துக்காதீங்க. 😀 ஆனா ஒரு சந்தேகம், சேலத்துல ஏசி போடாம இருக்கறவன் அங்க போயி ஏசி மண்டபத்துல இருந்து வெளிய வந்தா சளி புடிக்காதா?

அக்கரைப்பேட்டை_அண்ணன்

சளி புடிக்காது, மூக்குக்கண்ணாடி போட்டுருந்தா ஒண்ணும் தெரியாது. வெளிய வந்த ஒடனே கண்ணாடி பூரா பனி மாதிரி மூடிக்கும். போட்டோகிராபருக்கும் அதே கதைதான், கேமராவ ஏசிக்குள்ள இருந்து எடுத்துட்டு வெளிய ஓடி வந்தா லென்ஸ்ல ஈரம் கட்டிடும், பத்து நிமிசம் முன்னாடியே வெளிய எடுத்து வைக்கச் சொல்லுங்க.

கொண்டலாம்பட்டிக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. நேத்து ராத்திரி மாமாவுக்கு இத அப்படியே படிச்சு காட்டுனேன். 35ம் 60 சதவீதமும் சேந்தா 45னு சொன்ன எடத்துல நிறுத்தி ரெண்டு தடவ படிக்க சொன்னாரு, அப்பறம் எதுவும் பேசல, காலைல எந்திரிச்சு அட்வான்ஸ் போட்டு விட்டுட்டாரு ஏசி மண்டபத்துக்கு. ரிசப்ஷன் ஏழு மணின்னு பத்திரிகைல மாத்தியாச்சு, சம்மந்தி வீட்ல கொஞ்சம் மொகம் சுளிச்சாங்க, ஓப்பன் பந்தல்ல லைட்டிங் எல்லாம் யோசிச்சு வெச்சுருந்தாங்களாம். வாசல்ல மட்டும் சின்னதா போட்டு வரவேற்பு வெச்சுக்கலாம்னு பேசி முடிச்சோம். பஸ் ஒம்போதரைக்கு, தஞ்சாவூர்ல சாப்பாடு.

கூலர் விஷயத்துல மட்டும் மாமா எறங்கி வரல, சமையல் கட்டுல ஒண்ணாவது வெக்கலாம்ல்ல, வாடகைக்கு சொல்லிட்டேன்ங்கறாரு. காபிக்காட்டு அண்ணா, கல்யாணத்துக்கு முன்னாடி கண்டிப்பா கேக்கறேன் மரம் எப்படி ஆடுதுன்னு. உங்க மலைல இந்த மார்ச்ல நூறு சென்ட்டு தாண்டி விழட்டும்.

நாகலூர்_காபிக்காடு

விழுந்தா மொத போன் உங்களுக்குத்தான். விழலைன்னாலும் மே மாசம் மரம் ஆடறத சொல்றேன்.

அக்கரைப்பேட்டை_அண்ணன்

கூலர் வைக்கிற எடத்துல மல்கோவா ரெண்டு பெட்டி ஏத்திட்டு வாங்க தம்பி, சம்மந்தி வீட்டு மொகச்சுளிப்பு தன்னால போயிடும். இன்னொண்ணு, மண்டபத்துக்கு மீதி பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஜெனரேட்டர் ஏசிக்கும் சேத்து ஓடுமான்னு கேட்டுக்குங்க. பல எடத்துல லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் குடுத்துருப்பாங்க, கச்சான் அடிக்கிற ராத்திரில கரண்டு போனா அப்புறம் ஏசி மண்டபமும் நீங்க வேண்டாம்னு விட்ட மண்டபமும் ஒண்ணுதான். இப்ப கேட்டா சரி பண்ணிக் குடுப்பாங்க, மே மாசம் போயி கேட்டா வாடகை ஜெனரேட்டரும் கெடைக்காது.